வடம் பிடிக்கிற கை

ஐம்பதைத் தாண்டியவர்கள் உடம்பை எப்படிப் பேண வேண்டும் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகவே எழுதுகிறார்கள். எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு வருகிற ஞாயிறு இணைப்புகள் ஒன்றையும் நான் விட்டதில்லை. காலையில் கொஞ்ச நேரம் நட, உப்பைக் குறை, லிஃப்ட் வேண்டாம், மாடிப்படி ஏறு. அயனி மரத்தின் கவட்டில் ஒரு காலின் பெருவிரலை ஊன்றி, இடுப்பில் கயிறு, கையில் ஓடுகிற மெஷின் வாள், கீழே யாரோ ஒருவர் வீட்டுக் கூரை என்று நிற்கிற ஐம்பத்தொன்பது வயதுக்காரனுக்கு யாரும் ஒரு வரி எழுதியதில்லை. அவனுக்குச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று: நிறுத்திவிடு. டாக்டர் சொல்கிறார், மகள் போனில் சொல்கிறாள், சர்ச் வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் நிற்கிறவர் சொல்கிறார். நிறுத்திவிட்டு என்ன செய்வது என்று கேட்டால் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடுகிறது.

நான் வீட்டோரத்து மரங்களில் ஏறிக் கிளை இறக்குகிறவன். திருவட்டாறு பக்கம் வீடுகள் மரங்களுக்கு நடுவில்தான் கட்டப்படுகின்றன. வீடு பெரிதாகும், மரமும் பெரிதாகும், கடைசியில் ஒன்றின் மேல் ஒன்று சாயும். கிரேன் நுழையாத ஊடுவழிகளில் எங்களைத்தான் கூப்பிட வேண்டும். எங்களை என்றால் என்னையும் என் மனைவியின் தம்பியையும். என்னைவிட நான்கு வயது இளையவன். இருபது வருஷத்துக்கு மேலாக நான் மேலே, அவன் கீழே.

வேலை இப்படி நடக்கும். வெட்டப்போகிற கிளையில் நான் வடத்தைக் கட்டுவேன். வடம் அதற்கு மேலேயுள்ள கவட்டில் ஏறி, மறுபக்கம் கீழே இறங்கும். மச்சினன் அதைப் பக்கத்து மரத்தின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் பிடித்துக்கொள்வான். கிளை அறுந்ததும் கனம் முழுக்க வடத்துக்கு வரும். அவன் பையப் பைய விட, கிளை தொட்டில்போல் இறங்கும். வாளை வைக்குமுன் நான் கேட்பேன்: "பிடிச்சியா?" கீழேயிருந்து அவன் சொல்வான்: "பிடிச்சேன்." அந்தப் பதில் வராமல் நான் வெட்டியது கிடையாது. இலைக்கூட்டத்துக்குள் நிற்கிறவனுக்குக் கீழே இருப்பவன் தெரியமாட்டான். சத்தம் மட்டும்தான்.

வயதாகும்போது முதலில் போவது பலம் என்று நினைக்கிறார்கள். பலம் நெடுநாள் இருக்கும். முதலில் போவது கால்விரல்களின் பிடி. பிறகு கழுத்து, நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். அப்புறம் குத்தவைத்து எழும்புவது. மழையில் ஏறினால் முன்பெல்லாம் மறுநாளே உடம்பு தேறிவிடும். இப்போது அதற்கு மறுநாளும் போகிறது. ஆகவே நானாகவே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். காலையில் முற்றத்துப் பலாவின் தாழ்ந்த கிளையில் தொங்குவது. செருப்பில்லாமல் பாறைத்துண்டுகள் போட்ட வழியில் ஏறி இறங்குவது. தரையில் கிடக்கும் தேங்காய் மட்டையைக் கால்விரலால் எடுத்துப் பக்கத்தில் வைப்பது. ராத்திரி பரோட்டா கிடையாது. பள்ளிக்கூட வேன் நிற்கிற நேரத்தில் நான் தொங்கிக்கொண்டிருப்பதால், வேனுக்குக் காத்து நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். என் மனைவி அவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "வவ்வாலுக்கு வாழ்க்கைப்பட்டாச்சு, இனி என்ன செய்ய."

மச்சினனுக்கு இதெல்லாம் இல்லை. ஆடி வந்தால் ஆசானிடம் போய்த் தடவிக்கொள்வான். அதோடு வருஷத்துக்கான பாடு முடிந்தது என்பது அவன் கணக்கு. எங்கள் பகுதியில் எலும்பு, நரம்பு என்றால் இன்றும் பலருக்கு வர்ம ஆசான்தான். எண்ணெய் தடவி உழிவார். எத்தனை நாள் உழிகிறாரோ, குறைந்தது அத்தனை நாள் அதன்பின் சும்மா இருக்க வேண்டும். பாரம் தொடக்கூடாது. அந்த நாட்களில்தான் உடம்பு புதிதாக வாங்கியதுபோல் லேசாக இருக்கும். அதை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு ஆடியிலும் உண்டு.

அவனுடைய வலது தோள் எப்போது கெட்டது என்று எனக்குத் தேதியே தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறேன். 2017 நவம்பர் முப்பது, வியாழக்கிழமை, ஒக்கிப் புயல். அன்று விழுந்த மரங்களை அறுத்து வழிவிடுவதற்கு வாரக்கணக்கில் நாங்கள் ஓய்வில்லாமல் உழைத்தோம். கரண்ட் இல்லை, வாளுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை, கைவாளால் ரப்பர் மரங்களை அறுத்தோம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவன் பாட்டுப் புத்தகத்தை இடது கையால் பிடித்திருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, கொஞ்சம் பிடித்திருக்கிறது, சரியாகிவிடும் என்றான். சரியாகிவிட்டது என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

சென்ற ஆவணியில், ஓணம் கழிந்த வாரம், திற்பரப்புக்குப் போகிற வழியில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் தங்குவதற்காகப் பின்பக்கம் இரண்டு அறை புதிதாகக் கட்டியிருந்தார்கள். பக்கத்து அயனியின் பெரிய கிளை அதன் மேல் வந்து நின்றது. வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து திரும்பியவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வயசு எத்தன இருக்கும்? ஏறுவீங்களா?" என்று கேட்டார். அவருக்குக் கதவு செய்த ஆசாரிக்கு என்னைவிட வயது கூடுதல், அவரிடம் கேட்டிருக்கமாட்டார். நான் இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டு ஏறினேன்.

அது நல்ல மரம். பட்டை ஈரமில்லை. வடத்தைக் கட்டி, கவட்டில் போட்டு, கீழே விட்டேன். அவன் இழுத்துச் சுற்றுவதற்கு வழக்கத்தைவிட நேரமானது. வீட்டுக்காரர் ஏதோ பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

"பிடிச்சியா?"

"பிடிச்சேன்."

வாளை வைத்தேன். கிளை முறிந்த சத்தம் சரியாகத்தான் இருந்தது. அடுத்து வடம் இறுகும் சத்தம் வர வேண்டும். வரவில்லை. வடம் கவட்டில் சீறிக்கொண்டு ஓடியது. கிளை ஒரு பக்கமாகச் சுழன்று புதிய அறையின் சன்ஷேடை இடித்துப் பெயர்த்துவிட்டு, துணி துவைக்கிற கல்லின் மேல் விழுந்தது. மரம் உதறிய உதறலில் என் விலா மரத்தண்டில் மோதியது. இடுப்புக் கயிறு மட்டும் இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை. ஆனால் நான் அப்போது பார்த்தது துவைகல்லைத்தான். அதன் மேலிருந்த பிளாஸ்டிக் சட்டி தட்டையாகிக் கிடந்தது, உள்ளே நனைத்து வைத்த துணியோடு. துவைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா போன் அடித்ததால் உள்ளே போயிருந்தார்.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மச்சினன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்துத் தென்னையில் வடம் ஒரே சுற்றுத்தான் கிடந்தது. அவனுடைய இடது உள்ளங்கை தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. வலது உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை. நான் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வடம் அந்தக் கையைத் தொடவே இல்லை.

"எத்தன நாளாச்சுலே?" என்றேன்.

அவன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

"ஏலே, உனக்கிட்டத்தான் கேக்கேன். எத்தன நாளாச்சு?"

"ஆடிக்கு முந்தியே, அத்தான். தோளுக்கு மேல தூக்கினா மரத்துப் போவுது. ஆசான் தடவினாரு. வலி கொறஞ்சு, கொள்ளாம்ணு இருந்துது."

"ஆசான் சும்மா இருக்கச் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"பின்ன பிடிச்சேன்னு சொன்னியே. எதக்கொண்டுல பிடிச்ச?"

வீட்டுக்காரர் சன்ஷேடைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதைச் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு செய்தும் கொடுத்தோம். அது பெரிய கதையில்லை. அவர் இனி இந்த வயதில் இந்த வேலை வேண்டாம் என்று அறிவுரை சொன்னபோதுகூட எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என் கோபம் முழுக்க ஒரே சொல்லின் மேல் இருந்தது. பலம் போனதை நான் மன்னிப்பேன். எனக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இல்லாத கையை இருக்கிறது என்று மேலே நிற்பவனிடம் சொன்னதை எப்படி மன்னிப்பது? அந்தச் சட்டியின் பக்கத்தில் அந்த அம்மா குனிந்து நின்றிருந்தால் அவன் சொன்ன சொல்லோடுதான் நானும் மிச்ச நாளை ஓட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் சொன்னேன். விலாவில் மஞ்சள் பற்று அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்கு உறைத்தது. தம்பியின் கை என்ன ஆயிற்று என்று எந்த அக்காவும் கேட்பாள்.

"உனக்குத் தெரியுமாட்டி?"

பற்றைத் தடவுகிற கை நிற்கவில்லை. "தெரியும்."

ஆசான் வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனதே அவள்தான். நான் பூதப்பாண்டியில் வடம் தேவைப்படாத ஒரு சிறு வேலைக்குத் தனியாகப் போயிருந்த நாட்களில், அக்காவும் தம்பியும் பேசி வைத்து என்னிடம் மறைத்திருக்கிறார்கள். நான் கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்பதற்காக. அவள் கடைசியில் சொன்னது இது:

"சொன்னா நீங்க வேற ஆளக் கூட்டிட்டுப் போவிய. அவனுக்க கை சொகமில்லாத்த கையாட்டே இருக்கட்டும். யாரோ ஒருத்தனுக்க நல்ல கையில உங்கள ஒப்படைக்க எனக்கு மனசில்ல."

இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எதுவும் இல்லை. ஒரு வடத்தின் இரண்டு நுனியிலும் தன் ஆட்களை வைத்திருக்கிற ஒருத்திக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்காக என் கோபம் குறையவும் இல்லை. அன்றிலிருந்து இருவரோடும் பேசுவதை நிறுத்தினேன். வீட்டில் பேசாமல் இருப்பது மரம் ஏறுவதைவிடக் கடினமான வேலை. உப்பு எங்கே என்று கேட்கக்கூட முடியாது.

விலா தேறியதும் வேறு ஆட்களோடு போனேன். மார்த்தாண்டம் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர். தலைக்கவசம், இடுப்பு வார், கையுறை எல்லாம் வைத்திருந்தார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நானும் அன்றே ஒரு கவசம் வாங்கிக்கொண்டேன். ஒரு புளிய மரம். மேலே போய், "பிடிச்சியா?" என்று கேட்டேன். "ஓகே ஓகே" என்று குரல் வந்தது. யார் குரல் என்று தெரியவில்லை. மறுபடியும் கேட்டேன். "ஓகே அங்கிள், நீங்க வெட்டுங்க." கிளையை விலக்கிப் பார்த்தேன். வடம் பிடித்திருந்தவன் ஒரு கையால் போனைத் தூக்கி என்னை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் அதை எனக்குக் காட்டினார்கள். தாத்தா மாஸ் என்று மேலே எழுதியிருந்தது. நான் அந்த மரத்தை வெட்டாமல் இறங்கியது அதில் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் நாட்கள் தொடங்கிய ஞாயிறு, ஆராதனை முடிந்து, மச்சினனை நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்து முதல் பேச்சு. வீட்டில் உப்புக்கும் காப்பிக்கும் மட்டும் அதற்கு முன்பே வாய் திறந்திருந்தேன். அவன் மெலிந்திருந்தான். ரப்பர் பால் எடுக்கப் போய்க்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். பால் வடிக்கிற வெட்டு தாழ்வாக உள்ள மரமென்றால் தோளைத் தூக்க வேண்டியதில்லை. நான் சமாதானம் பேசப் போகவில்லை. நிபந்தனை சொல்லப் போனேன். நாகர்கோவிலில் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் முற்றத்தில் கையைக் காட்ட வேண்டும். காட்டி ஜெயித்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

"செரி அத்தான்," என்றான். பிறகு, "நீங்களும் காட்டணும்" என்றான்.

எனக்கு எரிந்தது. ஆனால் மறுக்க வழியில்லை.

சோதனை இதுதான். ஆற்று மணல் நிறைத்த சாக்கைப் பலாக்கிளையில் வடம் போட்டுத் தொங்கவிடுவது. தென்னையில் ஒரே சுற்று. அடுப்பில் கடுங்காப்பிக்குத் தண்ணீர் வைத்து அது கொதிக்கும்வரை சாக்குக் கீழே வரக்கூடாது. கொதித்ததும் என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். முதல் திங்கள் அவன் வலது கையைத் தூக்கும்போதே முகம் கோணியது. சாக்கு தரைக்கு வந்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் பெண் ரப்பர் பட்டை ஒன்றை இழுக்கச் சொல்லியிருந்தாள். அவன் பஞ்சர் கடையிலிருந்து பழைய சைக்கிள் டியூபை வாங்கி, வீட்டு கேட்டில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். கேட்தான் முதலில் கழன்றது. வேனுக்கு நிற்கிற பெண்களுக்கு இப்போது சிரிக்க இரண்டு வீடு.

தை பிறந்தபின் ஒரு திங்கள், அவன் பிடித்தான். கடுங்காப்பி கொதித்துவிட்டது என்று குரல் வரும்வரை சாக்கு அசையவில்லை. அடுத்து என் முறை. நான் பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். முன்கை கடுத்தது. குரல் வரவில்லை. மச்சினன் எட்டி உள்ளே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சாக்கை இறக்கிவிட்டு நானே போய்ப் பார்த்தேன். தம்பிக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் அடங்காத தீயும். எனக்கு அடுப்பில் குளிக்கிற அளவுக்கு ஒரு கலம்.

"ஏட்டி, இது என்ன காப்பியா, கல்யாண விருந்தா?"

"நீங்கதானே நல்ல பெலமுள்ள ஆளு," என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த திங்களிலிருந்து ஒரே பாத்திரம், ஒரே அளவு. அளவை நானே கோடு போட்டு வைத்தேன். நியாயமான தண்ணீரில் அவன் தடுமாறினான், பின்பு தேறினான். நானும் ஒன்றிரண்டு தடவை தடுமாறினேன். பங்குனியில் மறுபடி வேலைக்குப் போவது என்று முடிவு செய்தோம். அவன் கையை நான் அங்குலம் அங்குலமாக அறிந்துவிட்டேன் என்று நம்பினேன். அவன் வாயை நம்பவில்லை. கோபம் அப்படியே இருந்தது.

பூதப்பாண்டி பக்கம் ஒரு வீட்டில் பழைய மாமரம். முதல் இரண்டு கிளையும் தொட்டில்போல் இறங்கின. மூன்றாவது, வீட்டுக்கும் மின்கம்பிக்கும் நடுவில் போகிற கிளை, பச்சையாக, மற்ற இரண்டையும்விடக் கனமாக இருந்தது. கீழே வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், எதிர்வீட்டு ஆட்கள் எல்லோரும் கழுத்தைத் தூக்கி நின்றார்கள். வடம் இறுகுவது எனக்குத் தெரிந்தது. வாளைக் கிளப்பினேன்.

"பிடிச்சியா?"

பதில் வரவில்லை. வாளை அணைத்துவிட்டு மறுபடி கேட்டேன்.

"பிடிக்கல்ல அத்தான்," என்றான். எல்லோருக்கும் கேட்கிற குரலில். "இது எனக்குக் கொள்ளாது. எறங்குங்க."

கீழே யாரோ சிரித்தார்கள். வீட்டுக்காரர், "அப்ப இவ்வளவு நேரம் என்னத்துக்கு ஏறினது?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் உடம்பு முழுக்கக் கொதித்தது. எத்தனை திங்கட்கிழமை, எத்தனை கடுங்காப்பி. சாக்கை அசையாமல் பிடித்தவன். ஆள் கூடியிருக்கிற இடத்தில், மின்வாரியத்துக்காரர் கம்பியில் கரண்டை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில். வெட்டிவிடலாம், பார்த்துக்கொள்வான் என்று ஒரு கணம் நினைத்தேன். வாளைக் கிளப்புகிற கயிற்றில் என் விரல் இருந்தது.

"நெசமாவே பிடிக்கல்லியாலே?"

"நெசமாத்தான்."

இறங்கினேன். இறங்கும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். கால்விரல்கள் ஒவ்வொரு கணுவையும் சரியாகப் பிடித்தன. வீட்டுக்காரரிடம், கிளையை நுனியிலிருந்து சிறு துண்டுகளாகக் குறைத்து வரலாம், நாளைக்கும் வர வேண்டியிருக்கும் என்றேன். இன்றைக்கு முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன். அவர் அண்ணன் யாருக்கோ போன் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் போனார். கிரேன் சந்துக்குள் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வராது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

மச்சினன் மரத்தடியில் சுற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தோளைக் குலுக்கிக்கொண்டான். எனக்கு அவனிடம் கேட்பதற்கு நிறைய இருந்தது. "நாளைக்கு வெயிலுக்கு முந்தி வா," என்று மட்டும் சொன்னேன், கோபம் போகாத குரலிலேயே.